அம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கண்டிப் பீரங்கி

அம்ஸ்டல் என்பது ஒரு சிற்றாறு. அதன் குறுக்கே முற்காலத்து மீனவர் சிலர் ஓர் அணையைக் கட்டி, அவ்வணையின் இருமருங்கும் குடியேறினர். ஒல்லாந்து தேசத்தின் தலைநகராகிய அம்ஸ்டர்டாம் மாநகரின் பிறப்பு இத்துணை எளியது. அரசாங்கமும் பாராளுமன்றமும் ஹேக் நகரில் இருப்பினும், தலைநகர் என்னும் பெருமை இந்நகருக்கே உரியது. மன்னர் பதவியேற்பதும் இங்கேதான்.

இந்நகரைக் காணச் செல்வோரை முதலில் வியக்கச் செய்வது அதன் நிலம். நிலம் என்று சொல்வதும் முழுப்பொருத்தம் அன்று. சேற்றிலும் நீரிலும் மரத்தூண்களை இறக்கி, அத்தூண்களின் தலைமீது எழுப்பிய நகரம் அது. அணைச் சதுக்கத்தில் நிற்கும் அரண்மனை ஒன்றின் அடியில் மட்டும் 13,659 மரத்தூண்கள் இருப்பதாகக் கணக்கு. அந்நாட்டுப் பிள்ளைகள் இவ்வெண்ணை மறவாதிருக்க ஒரு வழி வைத்திருக்கின்றனர். ஆண்டின் நாட்களாகிய 365 என்பதற்கு முன்னே ஒன்றையும் பின்னே ஒன்பதையும் எழுதினால் போதும். எண்ணும் வரலாறும் ஒருங்கே மனத்தில் பதிய இதனினும் இலகுவான வழி வேறு வேண்டுவதில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் நகரைச் சுற்றி வளைவு வளைவாகக் கால்வாய்கள் வெட்டினர். பெருமக்கள் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய் என அவற்றுக்குப் பெயர். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கால்வாய் வட்டத்தை உலக மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. கரையோரத்து வீடுகள் முகப்பிலே ஒடுங்கியும் பின்னே நீண்டும் இருக்கும். மாடிப்படிகளோ ஏணிபோலச் செங்குத்தானவை. பெரிய பொருள் எதனையும் அப்படிகளால் ஏற்றுதல் இயலாது. ஆகவே ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஓர் உத்தரம் வெளியே நீண்டு, அதன் நுனியில் ஒரு கொக்கி தொங்குகின்றது. அக்கொக்கியில் கப்பியையும் கயிற்றையும் மாட்டிப் பொருள்களைச் சாளரத்தின் வழியே உள்ளே இழுப்பர். இன்று அவ்வழியே ஏறுவன கட்டிலும் அலுமாரியும். அன்று ஏறியவை மிளகும் சாதிக்காயும் கறுவாவும். வணிகன் கீழே குடியிருந்தான். அவனுடைய சரக்கு மேலே குடியிருந்தது.

அந்தக் கறுவா எங்கிருந்து சென்றது என்பதை இலங்கை நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே கூறிய அரண்மனை முதலில் அரண்மனையாகக் கட்டப்பட்டதன்று. அது நகர மண்டபம். சிற்பி யாக்கோப் வான் கம்பன் வகுத்த திட்டப்படி 1648இல் அத்திவாரம் இட்டனர். நெப்போலியனுடைய தம்பி லூயி 1808இல் அதனைத் தன் மாளிகையாக்கிக் கொண்டான். அம்மண்டபத்தின் பெருங்கூடத்தில் சலவைக்கல் தளத்தில் உலகப்படங்களைப் பதித்திருக்கின்றனர். பூகோளத்தின் இரு பாதிகளும் வானமண்டலமும் காலடியிலே கிடக்கின்றன. நகரத்தார் கடல்களையும் கண்டங்களையும் மிதித்துக்கொண்டே நடந்தனர். கட்டடத்தின் பின்புற முகட்டிலோ வேறொரு சிற்பம். அம்ஸ்டர்டாம் நகரை ஒரு நங்கையாக நடுவே அமர்த்தி, உலகத்தின் நாற்றிசை மக்களும் தத்தம் நாட்டுப் பொருள்களை அவளுடைய காலடியில் கொணர்ந்து வைப்பதாகச் செதுக்கியிருக்கின்றனர். கொணர்ந்தவர்கள் விரும்பிக் கொணர்ந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை.

அவ்விடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், 1606ஆம் ஆண்டில் எழுந்த செங்கற் கட்டடம் ஒன்று எதிர்ப்படும். நடுவே முற்றம், நாற்புறமும் அறைகள். இன்று அது பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. துவிச்சக்கர வண்டிகளைச் சுவரிலே சாத்திவிட்டு மாணாக்கர் உள்ளே செல்கின்றனர். இதுவே ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் அம்ஸ்டர்டாம் இல்லம். 1602இல் தோன்றிய அக்கம்பனிக்கு ஆறு நகரங்களில் சபைகள் இருந்தன. அவற்றின் சார்பில் பதினேழு பெருமக்கள் கூடிக் கொள்கை வகுத்தனர். பதினேழில் எட்டு இடம் அம்ஸ்டர்டாமுக்கே உரியது. எந்தத் துறைமுகத்தைப் பிடிப்பது, எந்த மன்னனோடு உடன்படிக்கை செய்வது, கறுவாவின் விலை இறங்காதிருக்க எவ்வளவு சரக்கைச் சந்தைக்கு விடுவது என்பனவெல்லாம் இத்தகைய அறைகளில் தீர்மானமாயின. விலை விழாதிருக்கும் பொருட்டு வாசனைத் திரவியங்களைத் தீயிட்டுக் கொளுத்தியதும் உண்டு.

கம்பனி தோன்றிய அதே 1602ஆம் ஆண்டில்தான் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் கப்பற்றலைவன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்றான். முதலாம் விமலதருமசூரிய மன்னன் அவனை அன்போடு வரவேற்றான். போர்த்துக்கேயரைத் துரத்த ஒரு துணை கிடைத்தது என்பது மன்னனின் எண்ணம். அவ்வெண்ணம் ஒருவாறு நிறைவேறிற்று. 1640இல் காலியும், 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையைவிட்டுப் போயின. ஆயினும் கண்டியின் கைக்கு வரவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதையாக முடிந்தது என்று சிங்கள மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. பழமொழிக்கு இதனினும் பொருத்தமான வரலாறு கிடைப்பது அரிது.

தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியும் இந்நகரோடு தொடர்புடையது. பிலிப்பஸ் பல்தேயஸ் என்னும் ஒல்லாந்து மதகுரு 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பணியாற்றினார். ஊர் திரும்பிய பின் மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய மூன்றையும் பற்றிப் பெரியதொரு நூல் எழுதினார். அது 1672இல் அம்ஸ்டர்டாமில் அச்சேறியது. யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுக்களின் படங்களோடு, தமிழ் எழுத்துக்களையும் தமிழ்மொழியின் இலக்கணக் குறிப்புக்களையும் அந்நூலில் காணலாம். 'மலபார் மொழி' என்றே அவர் தமிழைக் குறிப்பிட்டார். கறுவாவோடு தமிழ் நெடுங்கணக்கும் அந்தக் கால்வாய்க் கரைக்குக் கப்பலேறிச் சென்றிருந்தது.

இனி, இந்நகருக்குச் செல்வோர் தவறாது காணும் தேசிய அரும்பொருட்சாலைக்கு வருவோம். றைக்ஸ்மியூசியம் என்பது அதன் பெயர். கட்டடக் கலைஞர் பீற்றர் கைப்பர்ஸ் அமைத்த இம்மாளிகை 1885இல் திறக்கப்பட்டது. ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய 'இராக்காவல்' என்னும் பெரிய ஓவியத்தின் முன்னால் எந்நாளும் கூட்டம் நிற்கும். கூட்டம் நிற்பது நியாயமே. ஒளியையும் இருளையும் அவ்வாறு ஆண்ட கை பிறிதொன்று எளிதிற் கிடைப்பதன்று. ஆயின், பல ஆண்டுகளாக அதே மாளிகையின் வேறொரு கூடத்தில் ஒரு சிறிய பீரங்கி இருந்தது. இராக்காவலைக் கண்டு மீளும் வழியில் அதனைக் கடந்து சென்றோர் எண்ணிலடங்கார்.

அப்பீரங்கியின் நீளம் ஏறத்தாழ ஒரு மீற்றர். குழல் வெண்கலத்தால் ஆனது. வடிவம் ஐரோப்பிய வார்ப்பு முறையை ஒட்டியது. வடிவம் அந்நியமாயினும் அணி முழுவதும் கண்டியினுடையது. குழலின்மேல் வெள்ளியும் பொன்னும் போர்த்து, மாணிக்கக் கற்கள் பதித்து, கொடியும் இலையும் சுருளுமாக நுண்ணிய வேலைப்பாடு செய்திருக்கின்றனர். ஞாயிறு, பிறைத்திங்கள், சிங்கம் என்னும் கண்டி மன்னரின் சின்னங்கள் அதிலே துலங்குகின்றன. போர்க்களத்தில் மதிலைத் தகர்க்க இத்தகைய பீரங்கியை எவரும் இழுத்துச் செல்லார். மன்னனின் வருகையையும் விழாவையும் முழங்கி அறிவிப்பதற்காகவே அது செய்யப்பட்டது எனலாம். குழலிலே சிங்கள எழுத்திற் பொறித்த ஒரு வாசகமும் உண்டு. லெவ்கே திசாவை இதனை மன்னனுக்குக் காணிக்கையாக்கினான் என்பது அதன் பொருள். கி.பி. 1745-46க்கு ஒத்த சக ஆண்டும் அதிலே குறிக்கப்பட்டிருக்கின்றது.

இவ்வாசகத்தில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. கொடுத்தவன் யார், கொண்டவன் யார் என்பனவே அவை.

கொடுத்தவன் ஒரு திசாவை. கண்டி இராச்சியத்தில் தலைநகரைச் சூழ்ந்த பகுதிகளுக்கு அப்பால் இருந்த மாகாணங்களைத் திசாவனிகள் என்றனர். அவற்றை மன்னனின் பெயரால் ஆண்டவர் திசாவையர். நாலு கோறளை, ஏழு கோறளை, ஊவா, மாத்தளை ஆகியன பெரிய திசாவனிகள். மாத்தளைத் திசாவனியின் கிழக்குக் கோடியில், நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட தும்பறை மலைத்தொடரின் அப்புறத்தில் லக்கல கிடந்தது. மலைச்சரிவிலே படிப்படியாக வெட்டிய வயல்களும், காடுவெட்டிச் செய்யும் சேனைப் பயிரும், களு கங்கையின் நீரும் அம்மக்களின் செல்வம். தலைநகருக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் பொதிசுமந்து சென்று அவர்கள் அரசனுக்கு ஊழியம் செய்தனர். கண்டி என்னும் நகரம் மதிலாலும் அகழியாலும் காக்கப்பட்டதன்று. இத்தகைய மலைகளும் காடுகளும் இவற்றில் வாழ்ந்த ஏழைக் குடியானவரும் சேர்ந்தே அதற்கு மதிலாயினர். பகைவன் வந்தால் மன்னன் நகரைவிட்டு மலைக்குள் மறைவான். மழையும் காய்ச்சலும் பசியும் பகைவனைத் துரத்தும். பின்னர் மன்னன் மீள்வான். இருநூறு ஆண்டுகளாகக் கண்டியின் போர்முறை இதுவே. ஒரு நகரத்தை விட்டுக்கொடுத்து நாட்டைக் காக்கும் இம்முறையை ஐரோப்பியத் தளபதிகள் ஒவ்வொருவரும் தாமாக அனுபவித்தே கற்றனர்.

கொண்டவன் சிறீ விசய இராசசிங்கன். 1739இல் நரேந்திரசிங்க மன்னன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி மறைந்தான். அவனுடைய அரசி மதுரை நாயக்கர் குலத்தவள். அவளுடைய உடன்பிறந்தானே சிறீ விசய இராசசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். கண்டியை ஆண்ட நாயக்க மன்னருள் இவனே முதல்வன். அவ்வரண்மனையில் சிங்களத்தோடு தமிழும் தெலுங்கும் வழங்கின. 1747இல் அவன் இறந்தபின் அவனுடைய மைத்துனன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் மன்னனாகி 1782 வரை ஆண்டான். சைவ மரபிற் பிறந்த இம்மன்னனே சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து, 1753இல் இலங்கையில் உபசம்பதா என்னும் துறவற நிறைநிலையை மீண்டும் நிலைநாட்டினான். அத்தூதுக்குக் கப்பல் உதவியது ஒல்லாந்துக் கம்பனியே.

ஆகவே, இப்பீரங்கி எவருடைய மரபுக்கு உரியது என்று எவரேனும் வினவினால், விடை அத்துணை எளிதன்று. சிங்களப் பிரபு ஒருவன், மதுரையிலிருந்து வந்த மன்னனுக்கு, ஐரோப்பியப் பாணியில் அமைந்த குழலில், கண்டிக் கம்மியரின் கைவண்ணம் பொலியக் கொடுத்த காணிக்கை அது. அக்காலத்துக் கண்டி எத்தகையது என்பதை இந்த ஒரு பொருள் பல பக்கங்கள் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்கின்றது.

கப்பல் உதவிய நட்பு நெடுநாள் நிலைக்கவில்லை. கறுவாவே மீண்டும் காரணமாயிற்று. கறுவா முளைக்கும் நிலத்தில் சேனைப் பயிர் செய்யலாகாது, தோட்டங்களுக்கு வரி செலுத்த வேண்டும் என்றெல்லாம் கம்பனி விதித்த கட்டுப்பாடுகளால் கரையோரக் குடியானவர் 1760இல் கிளர்ந்தெழுந்தனர். கண்டி மன்னன் அவர்களுக்குத் துணை நின்றான். 1762இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து ஜோன் பைபஸ் என்பவனைக் கண்டிக்குத் தூதனுப்பினர். அப்பேச்சினால் யாதொரு பயனும் விளையவில்லை. ஒல்லாந்தரின் ஐயம் மட்டும் வளர்ந்தது.

அப்போது கொழும்பிலே தேசாதிபதியாக இருந்தவன் வான் எக். 1764இல் பல வழிகளால் ஒரே காலத்திற் படையை மலைநாட்டுக்குள் அனுப்பினான். படை சிதறித் திரும்பிற்று. மறு ஆண்டு தானே தலைமை தாங்கிக் குருநாகல் வழியாகச் சென்றான். 1765 பெப்ருவரி 19ஆம் நாள் ஒல்லாந்தர் கண்டி மாநகருட் புகுந்தனர். மன்னன் அங்கே இல்லை. மாளிகை திறந்து கிடந்தது. அங்கு நடந்த கொள்ளையை விரித்துரைத்தல் வேண்டா. படைவீரர் மாத்திரமல்ல, அதிகாரிகளும் தங்களால் இயன்றதைச் சுருட்டினர். லெவ்கே திசாவையின் பீரங்கி பிறர் கைக்கு மாறியது அந்த நாட்களிலேதான்.

வெற்றியாளருக்கு அவ்வெற்றி சுகம் தரவில்லை. வான் எக் கொழும்புக்குத் திரும்பி ஏப்பிரல் முதலாம் நாள் இறந்தான். கண்டியில் விட்டுச்சென்ற காவற்படையை மழையும் நோயும் பட்டினியும் வாட்டின. ஆகத்து முடிவதற்குள் எஞ்சியோர் நகரை விட்டு வெளியேறினர். மலைகள் தம் கடமையைச் செய்தன. எனினும் நாடு களைத்துப் போயிருந்தது. 1766 பெப்ருவரியில், புதிய தேசாதிபதி பால்க் முன்வைத்த உடன்படிக்கையைக் கண்டி ஏற்க நேர்ந்தது. அதனால் கரையோரம் முழுவதும் கம்பனிக்கு உரியதாயிற்று. கண்டி இராச்சியம் கடலைக் காணாத நாடாயிற்று. உப்புக்கும் கருவாட்டுக்கும் பகைவனின் தயவை நாட வேண்டிய நிலை. பீரங்கியை இழந்ததிலும் இதுவே பெரிய இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் உடன்படிக்கையின் ஏடு செல்லரித்து மறைந்தாலும், பொன்பதித்த பொருள் கண்முன்னே நிற்கின்றது. வரலாற்றிலே பொருள்களுக்கு உள்ள மதிப்பு இதுதான்.

பீரங்கி கடல்கடந்து ஒல்லாந்து சேர்ந்தது. அந்நாட்டின் தலைவன் ஐந்தாம் வில்லியம் இளவரசனுடைய அபூர்வப் பொருட் கூடத்தில் அது இடம்பெற்றது. இந்த வில்லியம் இலங்கை வரலாற்றில் மற்றொரு தடவையும் தலைகாட்டுகின்றான். 1795இல் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தினுட் புகுந்தபோது அவன் இங்கிலாந்துக்கு ஓடிக் கியூ என்னும் இடத்தில் தங்கினான். அங்கிருந்துகொண்டு, குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயரின் பாதுகாப்பிலே விடுமாறு தன் தேசாதிபதிகளுக்குக் கடிதம் வரைந்தான். அக்கடிதத்தைக் கையிற் கொண்டே ஆங்கிலேயர் இலங்கைக்கு வந்தனர். 1796 பெப்ருவரியில் கொழும்பு அவர்கள் வசமாயிற்று. கண்டியின் பீரங்கியைத் தன் கூடத்தில் வைத்திருந்தவன், கடல்சூழ்ந்த இத்தீவின் கரைகளையும் ஒரு கடிதத்தால் கைமாற்றினான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீரங்கி ஹேக் நகரிலிருந்த அரச அபூர்வப் பொருட் கூடத்தைச் சேர்ந்து, பின்னர் அம்ஸ்டர்டாம் அரும்பொருட்சாலையை அடைந்தது. அதனோடு பொன்னாலும் வெள்ளியாலும் அணிசெய்த இரண்டு 'கஸ்தானை' வாள்கள், சிங்களக் கத்தி ஒன்று, 'மகா துவக்கு' எனப்படும் பெருந் துவக்குகள் இரண்டு ஆகியனவும் இருந்தன. சிங்கத்தின் தலைபோன்ற பிடியையுடையது கஸ்தானை. போருக்கு மட்டுமன்றி, அணிபவனின் பதவியைக் காட்டுவதற்கும் உரியது. துவக்கு என்னும் சொல் துருக்கியர் நாவிலிருந்து புறப்பட்டுச் சிங்களத்திலும் ஈழத்தமிழிலும் ஒருங்கே வந்து குடிகொண்டது. சொல்லுக்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை.

இப்பொருள்களைத் திருப்பித் தரவேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பீ. எச். டீ. எச். டி சில்வா அவர்கள் வெளிநாடுகளில் இருக்கும் இலங்கைத் தொல்பொருள்களைத் தேடித் தொகுத்த பெரும் பட்டியல் 1975இல் வெளிவந்தது. ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்வோர் கோபுரங்களையும் பூங்காக்களையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். இவரோ அதே நகரங்களின் கண்ணாடிப் பேழைகளுக்குள் தம் நாட்டின் பொருள் யாது இருக்கின்றது என்று கணக்கெடுத்தார். 1980இல் இலங்கை அரசு யுனெஸ்கோவின் வழியாகத் தன் கோரிக்கையை முன்வைத்தது. அப்போது பயன் கிட்டவில்லை. கேட்பது எளிது; கொடுப்பதற்கு மனம் பழுக்கக் காலம் வேண்டியிருந்தது.

மனம் மாறியது ஒல்லாந்திலேயே. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் கொள்ளையிடப்பட்ட பொருள்களை உரியவரிடம் நிபந்தனையின்றி ஒப்புவித்தல் தகும் என்று ஆலோசனைக் குழு ஒன்று 2020இல் அவ்வரசுக்கு எடுத்துரைத்தது. அடுத்த ஆண்டில் அரசு அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. பீரங்கி முதலியன எவ்வாறு வந்தன என்பதை ஒல்லாந்து ஆராய்ச்சியாளரும் இலங்கை ஆராய்ச்சியாளரும் ஒருங்கே ஆய்ந்தனர். 2023 யூலையில், இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்குமாக 478 பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதாக ஒல்லாந்து அரசு அறிவித்தது. அவற்றுள் ஆறு இலங்கைக்குரியவை. அவ்வாண்டு ஆகத்து மாதம் கொழும்பில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஆண்டு முடிவதற்குள் ஆறு பொருள்களும் கொழும்பு வந்து சேர்ந்து தேசிய நூதனசாலையின் பொறுப்பாயின. கண்டியை விட்டுச் சென்று 258 ஆண்டுகளின் பின்னர் பீரங்கி இலங்கை மண்ணைத் தொட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவதுண்டு. அம்ஸ்டர்டாமில் இருந்தபடியால் அல்லவா பீரங்கி தப்பியது? இங்கேயே கிடந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இவ்வினாவை அலட்சியம் செய்தல் முறையன்று. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அவனுடைய அணிகலன்கள் பல 1820இல் இலண்டனில் ஏலத்தில் விடப்பட்டன. வாங்கியவர் யார் யார், கற்கள் எந்தெந்த மோதிரங்களிற் புகுந்தன என்பதை இனி ஒருவராலும் தேட இயலாது. பீரங்கியும் இங்கே இருந்திருப்பின், அதன் மாணிக்கங்கள் ஒருபுறமும் வெண்கலம் ஒருபுறமுமாகப் போயிருக்கவும் கூடும். இதனை ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆயினும் இலண்டனில் ஏலம் போட்டதும் மற்றோர் ஐரோப்பிய அரசின் கைதானே? ஒரு கள்வனிடமிருந்து காப்பாற்றினான் என்பதனால் மற்றொருவன் எடுத்தது உரிமையாகிவிடாது. பேணி வைத்ததற்கு நன்றி சொல்லலாம். வைத்துக்கொள்வதற்கு அது சீட்டாகாது.

இத்தகைய மீட்சிக்கு முன்மாதிரியும் உண்டு. கண்டி மன்னரின் சிங்காசனமே அது. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதருமசூரியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த அவ்வாசனம் 1815இன் பின் இங்கிலாந்துக்குச் சென்று வின்ட்சர் மாளிகையில் இருந்தது. 1934இல் குளொஸ்டர் கோமகன் அதனைக் கொணர்ந்து கண்டியிலே ஒப்புவித்தார். ஒல்லாந்தர் கொடுத்த ஆசனத்தை ஆங்கிலேயர் எடுத்துத் திருப்பித் தந்தனர். ஒல்லாந்தர் எடுத்த பீரங்கியை ஒல்லாந்தரே திருப்பித் தந்தனர். சிங்காசனத்தையும் இன்று கொழும்பு நூதனசாலையிலே காணலாம். தேசாதிபதி கிரகெரியின் காலத்தில், 1877இல் திறக்கப்பட்ட வெண்ணிற மாளிகை அது.

அம்ஸ்டர்டாம் நகரைக் காணும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்? லக்கலப் பகுதியின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாத்தளைப் பட்டணமே தூரம். அவர்களுடைய ஊரும் அண்மையில் இடம்பெயர்ந்த ஊர். மொரகஹகந்த, களு கங்கை அபிவிருத்தித் திட்டத்தில் களு கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது, பழைய பல்லேகமத்தின் கடைத்தெருவும் வீடுகளும் வயல்களும் நீரின் கீழாயின. மேட்டு நிலத்தில் புதிய லக்கல நகரம் எழுந்தது. நீரை வெளியேற்றி நகர் அமைத்தவர் அம்ஸ்டர்டாம் மக்கள். நகரை நீருக்கு விட்டுக்கொடுத்து, வடக்கே வறண்ட வயல்களுக்கு நீர் அனுப்பியவர் லக்கல மக்கள். தம் பழைய வீட்டின் படிக்கட்டு நீருக்குள் கிடக்கக் கண்டவர்களுக்கு, ஒரு பொருள் தன் இடத்தை விட்டுப் பெயர்வது எத்தகையது என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அப்பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலாவாகக் கொழும்புக்கு வருவதுண்டு. விடியுமுன் புறப்படும் பஸ் வண்டியில் பாதி வழி உறக்கம், பாதி வழி பாட்டு. மிருகக்காட்சிச்சாலையும் கடற்கரையும் துறைமுகமும் பார்த்தபின், பொழுது இருந்தால் நூதனசாலை. பெரும்பாலும் அங்கே விரைந்து நடக்கும்படி ஆசிரியர் பணிப்பர். நேரம் போதாது என்பது உண்மையே. அம்ஸ்டர்டாமில் அப்பீரங்கியைக் கடந்து சென்ற இலட்சக்கணக்கானோர் குழலின் அழகைக் கண்டிருப்பர். அதிலே பொறித்த எழுத்தைப் படித்தோர் மிகச் சிலரே. லக்கலயிலிருந்து வரும் சிங்களப் பிள்ளைக்கு அது தன் எழுத்து. மாத்தளைத் தோட்டப்புறத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளையும் சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் பாடசாலையிலே கற்கின்றது. 1745ஆம் ஆண்டின் வரிவடிவம் இன்றையதோடு முற்றும் ஒவ்வாவிடினும், கண்ணாடியருகே சற்று நின்று ஓரெழுத்து ஈரெழுத்தாகக் கூட்டிப் பார்த்தால், லெவ்கே என்னும் பெயரையேனும் இருவரும் கண்டுகொள்வர்.